பென்சிலால் எழுதிய மதிப்பெண்கள்: நேர்காணல் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆட்சேர்ப்பு நேர்காணல் குழுக்களில் அமரும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

கேரலி பிராடி ஹார்ட்மன் என்ற பெண்மணி 1977இல் அமெரிக்க அரசின் மீது தொடுத்த வழக்கை நீங்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன். வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியை நடத்திவந்த அமெரிக்கத் தகவல் முகமையில் எழுத்தாளர் பணிக்கு விண்ணப்பித்த அவர், பெண் என்பதாலேயே தமக்கு வேலை மறுக்கப்பட்டதாக நீதிமன்றம் சென்றார். ஒலிபரப்பாளர், தொழில்நுட்பர் முதலிய பணிகளுக்கு முயன்று தோற்ற பெண்களும் அதில் இணைய, அது கூட்டு வழக்காயிற்று.

பாகுபாடு நடந்தது உண்மையே என்று 1984இல் தீர்ப்பு வந்தது. அதன் பின்னும் ஒவ்வொருவருக்கான இழப்பீட்டையும் எதிர்த்து அரசு மல்லுக்கு நின்றது. தனித்தனியே விசாரிக்கப்பட்ட 48 பேரில் 46 பேர் வென்ற பிறகுதான், 2000 மார்ச்சில், ஏறத்தாழ 1,100 பெண்களுக்கு 50.8 கோடி டாலர் தர உடன்பாடு ஏற்பட்டது. (அத்தனையும் மக்களின் வரிப்பணம்.) முகமையோ 1999இலேயே கலைக்கப்பட்டிருந்தது. வழக்குத் தொடுத்த ஆண்டில் முப்பது வயதாயிருந்த ஒருத்திக்கு உடன்பாட்டின்போது ஐம்பத்துமூன்று வயது. கேட்ட வேலையை இனி யார் தருவது?

தொகையைவிட என்னை உறுத்துவது, தேர்வு மதிப்பெண்கள் திருத்தப்பட்டன, கோப்புகள் அழிக்கப்பட்டன என்று அப்பெண்கள் தரப்பில் வைக்கப்பட்ட குற்றச்சாட்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தின் நேர்காணல் குழுவில் நானும் இருந்தேன். மதிப்பெண் தாளைப் பென்சிலால் நிரப்பச் சொன்னார்கள். மாலையில் குழுத் தலைவர் ரப்பரை எடுத்தார். முதலிடத்தில் இருந்த பெண்ணுக்குப் 'பணியறிவு' என்ற கட்டத்தில் இருந்த 18, 13 ஆயிற்று. "கல்யாணம் ஆனதும் போய்விடுவாள் சார்" என்று அவர் சொன்ன காரணம் தாளில் எங்கும் ஏறவில்லை. ரப்பர் துகளை ஊதிவிட்டு, அவர் நீட்டிய தாளில் நானும் கையெழுத்திட்டேன்.

ஆகவே, கலந்து பேசுவதற்கு முன்பே உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் மதிப்பெண்ணைப் பேனாவால் பதியுங்கள். மாற்ற நேர்ந்தால் பழைய எண் தெரியும்படி அடித்து, மாற்றியவர் பெயரையும் காரணத்தையும் அருகில் எழுதுங்கள். தேர்வாகாதவர் கேட்டால் அவருடைய தாளின் நகலைக் கொடுங்கள். இதற்குப் புதிய சட்டமோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை, அடுத்த நேர்காணலிலேயே தொடங்கலாம்.

இப்படிக்கு,
அந்தத் தாளில் கையெழுத்திட்ட உறுப்பினர்களில் ஒருவன்