புறவாசலும் அலாரம் பெட்டியும்

பாளையங்கோட்டை

அன்புள்ள மாப்பிள்ளை,

கடிதம் கிடைத்தது. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது, பிசானத்துக்கு நாற்றுப் பாவியாச்சு என்று எழுதியிருந்ததை உன் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். ரொம்ப சந்தோஷப்பட்டாள். தங்கச்சிக்கு முழங்கால் வலி இன்னும் விடவில்லை என்பதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரைப் பார்க்க வேண்டுமானால் காலையிலேயே போய்ச் சீட்டுப் போட வேண்டும். அதனால் முந்தின நாளே இங்கே வந்து தங்கிவிடுங்கள். தட்டுக்கழிக்காதே.

இனி அந்தக் களவு அலாரம் விஷயம். மருமகள் பெங்களூரிலிருந்து ஏற்பாடு பண்ணி மாட்டிக் கொடுத்ததை, "ராத்திரி தண்ணி குடிக்க எந்திச்சதுக்கே சவம் தெருவையே கூட்டிட்டு, அன்னையிலருந்து அமத்தியே போட்டிருக்கோம்" என்று எழுதிவிட்டாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். எழுதினால் தங்கச்சியும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிப்பாள். அந்தப் பெட்டி மேல் ஒரு குறையும் இல்லை. மாட்டிவிட்டுப் போன ஆட்கள் உங்கள் வீட்டின் போக்கு என்ன, நீங்கள் எத்தனை மணிக்குப் படுப்பீர்கள், எந்தக் கதவு வழியாகப் புழங்குவீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் கோளாறு. அதைச் சரி பண்ணிவிட்டால் தினமும் போட்டுவைக்கலாம்.

முதலில் ஒன்று தெரிந்துகொள். தார்சாவில் மாட்டியிருக்கிற கீபேடு வெறும் பொத்தான் பலகைதான். யோசிக்கிற பெட்டி அரங்குவீட்டுக்குள் இருக்கிற இரும்புப் பெட்டி. கள்ளன் கீபேடை உடைத்துப் போட்டாலும் உள்ளே இருப்பது நிற்காது. மூடியைக் கழற்றினாலே கத்துகிற மாதிரி அதில் ஒரு சின்ன ஸ்விட்சும் உண்டு. ஆகையால் நீங்கள் ஒரு பொத்தானைத் தப்பாக அழுத்தினால் எதுவும் கெட்டுப்போகாது. ரகசிய நம்பரைத் தப்பாகப் போட்டால் அழித்துவிட்டு நிதானமாக மறுபடி போடலாம், அவ்வளவுதான்.

படுக்கப் போகும்போது பச்சை விளக்கைப் பார். எரிந்தால் எல்லாக் கதவும் அடைந்திருக்கிறது என்று அர்த்தம். எரியவில்லை என்றால் எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று கீபேடிலேயே எண் காட்டும். அதை அடைத்துவிட்டு வந்து நம்பரைப் போட்டு 'ஸ்டே' பொத்தானை அழுத்து. இந்த ஸ்டேயைத்தான் உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்று நினைக்கிறேன். நீங்கள் போட்டது 'அவே'. அது ஊருக்குப் போகிறவர்களுக்கு. வீட்டுக்குள் ஒரு ஜீவன் நடமாடக் கூடாது என்பது அதன் கணக்கு, அதனால்தான் தங்கச்சி செம்பை எடுக்கப் போனதும் கத்தியது. ஸ்டே போட்டால் உள்ளே ஆள் நடமாட்டம் பார்க்கிற கண்கள் தூங்கும், கதவு ஜன்னல்கள் மட்டும் விழித்திருக்கும். நீங்கள் பட்டாசலில் உலாத்தலாம், அடுக்களைக்குப் போகலாம், ஒன்றும் ஆகாது.

ஆனால் உங்கள் வீட்டுக்கு இதோடு தீராது. கக்கூஸ் புறவாசலில் இருக்கிறது. ராத்திரி ரெண்டு தடவையாவது அந்தக் கதவைத் திறக்க வேண்டும், இந்த வயசில் வேறு வழியில்லை. ஸ்டேயில் இருக்கும்போது அதைத் திறந்தால் சைரன்தான். இதற்கு 'பைபாஸ்' என்று ஒரு வழி உண்டு. அந்த ஒரு கதவை மட்டும் கணக்கிலிருந்து தள்ளிவைப்பது. மாட்ட வருகிறவர்கள் சுலபமாக இதைத்தான் சொல்வார்கள். நீ ஒத்துக்கொள்ளாதே. நம் பக்கத்து வீடுகளில் கள்ளன் வாசல் வழியாகவா வருகிறான்? பின்னால் முடுக்கில் இறங்கி, சுவரேறி, புறவாசல் வழியாகத்தான் வருவான். வாசலைப் பூட்டிவிட்டுப் புறவாசலைத் திறந்து போட்ட கதைதான் அது.

இதற்கு இரண்டு காரியம் செய்யலாம். புறவாசல் கதவு பக்கத்தில் இரண்டாவது கீபேடு ஒன்று மாட்டச் சொல். பெட்டி அதே பெட்டிதான், வயரை நீட்டினால் போதும். அங்கேயே நம்பரைப் போட்டு அமத்திவிட்டுப் போய், திரும்பி வந்து மறுபடி ஸ்டே போட்டுக்கொள்ளலாம். அதோடு அந்தக் கதவுக்கு அவகாசம் வைக்கச் சொல். கதவைத் திறந்ததும் உடனே கத்தாமல் முப்பது விநாடி 'பீப் பீப்' என்று சத்தம் கொடுத்துக் காத்திருக்கும், அதற்குள் நம்பரைப் போட்டால் அடங்கிவிடும். தங்கச்சிக்கு முழங்கால் இப்படி இருக்கும்போது முப்பது பத்தாது, நாற்பத்தைந்தாக்கச் சொல். அதற்கு மேல் வேண்டாம், கள்ளனுக்கும் அதே அவகாசம்தான் கிடைக்கும். செலவைப் பற்றி மருமகளிடம் நானே பேசுகிறேன். வீட்டுக்குள்ளேயே ஒரு கக்கூஸ் கட்டினால் இன்னும் நல்லது, முழங்காலுக்கும் நல்லது.

அடுத்தது உங்கள் வாசல் கதவு. அது இரட்டைக் கதவு. கதவில் மாட்டுகிற சென்சார் என்பது ஒரு பக்கம் காந்தம், எதிர்ப் பக்கம் நிலையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழல். அதற்குள் மெல்லிசாக ரெண்டு தகடு. காந்தம் பக்கத்தில் இருக்கும்வரை தகடு ஒட்டியிருக்கும், விலகினால் தகடும் விலகும், பெட்டிக்குச் செய்தி போகும். உங்கள் கதவில் ஒரு பலகைக்கு மட்டும் மாட்டியிருந்தால் மற்றப் பலகையைத் திறந்துகொண்டு ஒருத்தன் தாராளமாக உள்ளே வரலாம். பகலில் போய்ப் பார். வலது பலகையை மட்டும் திறந்தால் கீபேடில் பச்சை விளக்கு அணைகிறதா, இடது பலகையை மட்டும் திறந்தாலும் அணைகிறதா? ரெண்டுக்கும் அணைய வேண்டும். பழைய தேக்குக் கதவு வேறு. மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும், ஆடிக் காற்றுக்குத் தடதடவென்று ஆடும். காந்தத்துக்கும் குழலுக்கும் நடுவில் ஒரு விரற்கடை இடைவெளி கூடிப்போனால் யாரும் வராமலே சைரன் அடிக்கும். உட்பக்கம் தாழ்ப்பாளை இறுக்கமாக விழுகிற மாதிரி ஆசாரியிடம் சொல்லிச் சரி பண்ணிவிடு. பாதிப் பொய்ச் சத்தம் அதிலேயே நின்றுவிடும்.

நடமாட்டம் பார்க்கிற கண் இருக்கிறதே, அது ஆளைப் பார்ப்பதில்லை, ஆளின் உடம்புச் சூட்டைப் பார்க்கிறது. ஒரு சூடு இடத்தை விட்டு இடம் நகர்ந்தால் அதற்குத் தெரியும். முற்றத்து வெயில் நேரே அதன் மேல் விழக் கூடாது. பல்லி அதன் முகத்தில் ஊர்ந்தாலும், சிலந்தி கூடு கட்டினாலும், பூனை குறுக்கே போனாலும் ஏமாந்துவிடும். மாசத்துக்கு ஒரு தடவை காய்ந்த துணியால் துடைத்துவிடு. கத்திரி வெயிலில் நம் ஊர் வீட்டுச் சூடு உடம்புச் சூட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும். அப்போது சுவருக்கும் ஆளுக்கும் வித்தியாசம் தெரியாமல் அந்தக் கண் மந்தப்படும். சித்திரை வைகாசியில் அதை மட்டும் நம்பி வீட்டை விட்டுப் போகாதே.

நம்பரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வரும்போது போட்டிருந்த 1234 மாதிரி நம்பரை மாற்றியாச்சா? மாட்டியவர்கள் வைத்திருக்கிற நம்பர் தனி, அதையும் மாற்றச் சொல். நீ பிறந்த வருஷம், மோட்டார் சைக்கிள் நம்பர் ரெண்டும் ஊருக்கே தெரியும், அவை வேண்டாம். போன தடவை உங்கள் வீட்டுக்கு வந்தபோது லைட் ஸ்விட்சுகளைப் பார்த்தேன், தங்கச்சி கைவிரல் மஞ்சளும் உன் திருநீறும் அச்சாகப் பதிந்திருந்தது. கீபேடிலும் இப்படித்தான் பதியும். நான்கு பொத்தானில் மட்டும் கறை இருந்தால் கள்ளன் அதிகம் போனால் இருபத்து நான்கு விதமாகத்தான் அழுத்திப் பார்க்க வேண்டும். நான்கு இலக்க நம்பர் மொத்தம் பத்தாயிரம் இருக்கிறது, அது கறையால் இருபத்து நான்காகச் சுருங்கிவிடுகிறது. பூஜை முடிந்து கையைத் துடைத்துவிட்டுத் தொடுங்கள், பலகையையும் துடைத்துவிடுங்கள். வயலைப் பார்த்துக்கொள்கிற பையனுக்கு உங்கள் நம்பரைச் சொல்லாதே, அவனுக்குத் தனியாக ஒன்று போட்டுக் கொடுக்கலாம். வேலையை விட்டுப் போனால் அதை மட்டும் எடுத்துவிடலாம். எந்த நம்பரையும் இந்தக் கடிதத்தின் ஓரத்தில் எழுதிவைக்காதே.

நான் இதில் இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் உனக்குத் தெரியும், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் கழிந்த ஆயுள். இந்தக் களவு மணிக்கும் எங்கள் தொழிலுக்கும் பழைய உறவு. அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்தில் அகஸ்டஸ் போப் என்பவர் 1853-இல் கதவைத் திறந்தால் மின்சாரத்தில் மணி அடிக்கிற கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். கதவைத் திரும்ப மூடினாலும் மணி நிற்காது, அதுதான் அதன் விசேஷம். உன் பெட்டியும் அப்படித்தான், கதவைச் சாத்தினால் அடங்கிவிடும் என்று ஓடாதே, நம்பரைப் போட்டுத்தான் அடக்க வேண்டும். அந்த உரிமையை எட்வின் ஹோம்ஸ் விலைக்கு வாங்கித் தொழிலாகப் பெருக்கினார். 1877-இல் அவர் குடும்பத்தார் பாஸ்டனில் அதே களவு மணிக் கம்பிகளில் டெலிபோனையும் இணைத்து, பகலில் பேச்சுக்கும் ராத்திரியில் காவலுக்கும் ஓட்டினார்கள். உலகத்தில் டெலிபோன் இணைப்புப் பலகை பிறந்த கதையில் இதற்கு முதல் இடம் உண்டு. வேலையில் இருந்த காலத்தில் இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு மேனி சிலிர்த்தது.

எக்ஸ்சேஞ்சில் எங்களுக்கு உயிர் பேட்டரிதான். உன் இரும்புப் பெட்டிக்குள்ளும் ஒன்று இருக்கும், 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர். கரண்ட் போனால் சுமார் ஒரு நாள் தாங்கும். நம் ஊர் வெக்கையில் மூன்று நான்கு வருஷத்தில் செத்துவிடும், ஆனால் செத்ததை வெளியே காட்டாது. கீபேடில் கோளாறு காட்டுகிற மஞ்சள் விளக்கு எரிந்தால் அலட்சியம் பண்ணாதே. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கரண்டை நிறுத்திவிட்டு சைரன் அடிக்கிறதா என்று பார். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி ஊருக்குள் புகுந்தபோது கரண்டும் இல்லை, செல்போனும் இல்லை, நினைவிருக்கிறதா? அந்த மாதிரி நாளில் மருமகள் போனுக்கு மெசேஜ் போகாது. சைரன் மட்டும்தான் துணை, அதுவும் பேட்டரி இருக்கும்வரை.

அதனால் சத்தம் கேட்டால் வருகிறதற்கு ஆள் வேண்டும். நம் சீமையில் அந்தக் காலத்தில் காவலுக்குக் கூலி வாங்குகிறவன், களவு போனால் பொருளை மீட்டுத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். பாளையக்காரர்களிடம் இருந்த திசைக்காவல் என்கிற வட்டாரக் காவல் பொறுப்பை 1801-க்குப் பிறகு கும்பெனிக்காரன் எடுத்துக்கொண்டான். அந்தக் காவலில் கெடுபிடியும் அநியாயமும் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பதில் சொல்ல ஒரு ஆள் இருந்தான். உன் பெட்டி யாருக்கும் பதில் சொல்லாது. அடுத்த வீட்டு அண்ணாச்சி, எதிர்த்த வீட்டு மதினி இருவரிடமும் நீயே போய்ப் பேசு. அன்றைக்குத் தெருவே கூடியதற்கு நீ வெட்கப்பட்டு எழுதியிருந்தாய். எனக்கோ அது பெரிய ஆறுதலாக இருந்தது, ராத்திரி ஒரு சத்தத்துக்கு எழுந்து வருகிற ஜனங்கள் நடுவில் இருக்கிறீர்கள். சைரன் கேட்டால் யாரும் வீட்டுக்குள் நுழைய வேண்டாம், விளக்கைப் போட்டுவிட்டுச் சத்தம் கொடுத்து 112-க்கு அடித்தால் போதும் என்று சொல்லிவை. நீங்களும் வெளியூரிலிருந்து திரும்பும்போது சைரன் அடித்த அடையாளம் தெரிந்தால் உள்ளே காலெடுத்து வைக்காதீர்கள். போலீஸ் வரும்வரை தெருவிலேயே நில்லுங்கள். நாலு நாள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போவதானால் ஸ்டேஷனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது நல்லது.

ஞாயிற்றுக்கிழமை அம்பாசமுத்திரம் பஸ்ஸைப் பிடித்து நானும் உன் அக்காவும் வருகிறோம். மாட்டியவர்களையும் அன்றைக்கே வரச் சொல்லி மருமகளிடம் பேசிவிடு. புறவாசல் கீபேடை எந்த உயரத்தில் வைப்பது என்பதைத் தங்கச்சிதான் சொல்ல வேண்டும், நீயும் நானும் அல்ல. அவள் கைக்கு எட்டி, அவள் கண்ணுக்கு எண் தெரிந்து, அவளே தனியாக நாலு தடவை போட்டு எடுத்துப் பழகின பிறகுதான் அந்த ஆட்களை அனுப்புவோம்.

அன்புடன்,
உன் மச்சான்

மறுபடி: பெட்டிக்குள் சிம் கார்டு ஒன்று இருக்கும். அதற்கு ரீசார்ஜ் முடிந்தால் யாருக்கும் தெரியாமல் ஊமையாகிவிடும். மருமகளையே வருஷ பிளானாகப் போட்டுவிடச் சொல். பெட்டி 2ஜி என்றால் 4ஜி மட்டும் எடுக்கிற சிம் அதில் வேலை செய்யாது, அதையும் ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிடலாம்.