முதல் கமிட்டில் என் பெயர்

ஆசிரியருக்கு வணக்கம்.

சப்வெர்ஷனில் இருக்கும் பெரிய நிரல் களஞ்சியத்தின் ஒரு பகுதியை மட்டும் கிட்டுக்கு மாற்றுவது பற்றி ஞாயிறு பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். நிரலில் யார், எப்போது, எதை மாற்றினார் என்று பதிந்துவைக்கும் கருவிகள் இவை; சப்வெர்ஷன் பழையது, கிட் புதியது. கடைசி நிலையை நகலெடுத்தால் போதும், பழைய மாற்றக் குறிப்புகள் வெறும் சுமை என்கிறது கட்டுரை. நாங்கள் அப்படிச் செய்துதான் மாட்டிக்கொண்டோம்.

நான் கோவையில் ஒரு நிறுவனத்தின் சம்பள மென்பொருளைப் பார்த்துக்கொள்பவள். சம்பளக் கோப்புறையை மட்டும் பிரித்து, 'புதிய தொடக்கம்' என்று முதல் கமிட் (மாற்றப் பதிவு) போட்டேன். ஒரே மதியத்தில் வேலை முடிந்தது. பெருமையாகக்கூட இருந்தது.

ஏழு மாதம் கழித்து, புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் நான்கு வரிகளை வேண்டாதவை என்று நீக்கிவிட்டான். 2014 செப்டம்பர் 1 முதல், 15,000 ரூபாய்க்கு மேல் சம்பளத்தில் புதிதாக பி.எஃப். உறுப்பினர் ஆகிறவருக்கு ஓய்வூதியத் திட்டம் கிடையாது. நிறுவனத்தின் பங்கு முழுவதும் பி.எஃப். கணக்குக்கே போக வேண்டும். அந்த வரிகள் இருந்தது அதற்காகத்தான். அவை போனதும் அப்படிப்பட்ட ஒவ்வொருவருக்கும் மாதம் 1,250 ரூபாய் ஓய்வூதியக் கணக்குக்கு ஓடியது. தம்பியைத் திட்ட மனம் வரவில்லை. வரிகளை எழுதியது யார், எதற்கு என்று அவனும் தேடித்தான் பார்த்திருக்கிறான். கிட் காட்டியது: 'புதிய தொடக்கம்', என் பெயர்!

சப்வெர்ஷன் இருந்த பழைய சர்வரை அணைக்கும் உத்தரவு கிடப்பில் கிடந்ததால் தப்பித்தோம். முழுக் களஞ்சியத்தையும் கிட்டுக்கு மாற்றி, அதன் பிறகு ஃபில்டர்-ரெப்போ என்ற கருவி கொண்டு சம்பளப் பகுதியைப் பிரித்தோம். கோப்புறையின் பெயர் 2011-ல் மாறியிருந்தது. புதுப் பெயரை மட்டும் கொடுத்தால் அதற்கு முந்தைய கதை வராது. இரண்டையும் கொடுக்க வேண்டும். சப்வெர்ஷனில் வெறும் பயனர் பெயர்தான் இருக்கும். யார் யார் என்று கண்டுபிடிக்க, ஓய்வுபெற்ற கணக்காளருக்கெல்லாம் போன் போட்டோம். "4812-ஐ ரத்து செய்கிறேன்" என்பது போன்ற குறிப்புகள் புரிவதற்காக, சப்வெர்ஷன் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தந்த பழைய எண்களையும் ஒவ்வொரு கமிட்டின் அடியில் விட்டுவைத்தோம். மொத்தம் ஐந்து நாள்.

நிரலை இயந்திர மொழிக்கு மாற்றித்தரும் ஜிசிசி கம்பைலர் 2020 ஜனவரியில் கிட்டுக்கு வந்தபோது 1980களின் மாற்றங்கள் வரை கூடவே வந்தன. எங்களுடையது அதன் கால் தூசு பெறாது.

இப்போது அந்த நான்கு வரிகளுக்கு நேரே 2014-ன் குறிப்பு தெரிகிறது: "பி.எஃப். புது விதி. ஆடிட்டர் சொன்னது. எடுக்காதீங்க."

அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் போடுவீர்களா?

– ஒரு வாசகி, பீளமேடு, கோவை