கடைசி பஸ்

நெல்லியடி

அன்பின் ரவி,

உன் கடிதம் கிடைத்தது. டொரொண்டோவில் ஒருதரம் பயணக் கார்ட்டைத் தட்டினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் பஸ்ஸும் ரயிலும் மாறி மாறிப் போகலாம், நடுச்சாமத்திலும் பஸ் ஓடும் என்று எழுதியிருந்தாய். அந்த நடுச்சாம பஸ்தான் என் மனதை விட்டுப் போகவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

மகளுக்கு யாழ்ப்பாணம் டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலை கிடைத்தது. காலையில், பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் 750 ஆம் இலக்க பஸ்ஸில் போவாள். போவதில் குறையில்லை. நெரிசல்தான், ஆனாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆச்சிமார், கம்பஸ் பெடியள் என்று எல்லோரையும் அந்த ஒரு பஸ் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அவ்வளவு பேரும் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில் இறங்கினால் கஸ்தூரியார் வீதி தாங்குமா?

திரும்பி வருவதுதான் பாடு. கடை பூட்ட ஏழரையாகும். அதற்குள் பஸ் ஸ்ராண்ட் அடங்கிவிடும். நமக்கு ரயிலும் இல்லை. 1990 இல் நின்ற யாழ்தேவி ரயில் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வந்தபோது நானும் பார்க்கப் போனேன், கண் கலங்கியது. ஆனால் அந்தத் தண்டவாளம் கொடிகாமம், சாவகச்சேரி வழியாகப் போகிறது. நம்முடைய வடமராட்சிப் பக்கத்துக்கு என்றைக்கும் பஸ்தான். (கொடிகாமச் சந்தைக்குத் தட்டிவானில் தேங்காய்ச் சாக்குகளின் மேல் இருந்து போனோமே, ஞாபகமா?)

மூன்று மாதம் நானே போய் ஏற்றி வந்தேன். பிறகு அவள் லீசிங்கில் ஒரு ஸ்கூட்டி எடுத்துவிட்டாள். சம்பளத்தில் பெரும்பங்கு அதற்கே போகிறது. அதைவிட, இருட்டில் தனியாக, வீடு வாசல் இல்லாத வல்லை வெளியைக் கடக்கிறாள். அந்த வெளியில் அடிக்கும் காற்று உனக்குத் தெரியும். அவள் கேற்றைத் திறக்கும் சத்தம் கேட்கும்வரை அவளின் தாய் சாப்பிடுவதில்லை.

ஒருநாள் தனியார் பஸ் நடத்துநர் ஒருவரோடு கதைத்தேன். அன்றைய கலெக்ஷனில்தான் டீசல், சாரதியினதும் தனதும் சம்பளம், முதலாளியின் பங்கு எல்லாம் என்றார். ஆறு பேரை ஏற்றிக்கொண்டு இரவில் பருத்தித்துறை போனால் டீசலுக்கே காணாதாம். பகலில் சந்திக்குச் சந்தி நின்று ஆள் சேர்ப்பதும், பின்னால் இன்னொரு பஸ் வந்துவிட்டால் கண்மூடித்தனமாக ஓடுவதும் இதனால்தான். எனக்கு அவரில் கோபம் வரவில்லை. ஆள் இல்லையென்று பஸ் நிற்கிறது, பஸ் இல்லையென்று ஆட்கள் ஸ்கூட்டி வாங்குகிறார்கள். என் மகளும் வாங்கிவிட்டாள். இனி அந்த பஸ்ஸுக்கு இன்னும் ஓர் ஆள் குறைவு.

இரவு ஓட்டத்தின் நட்டத்தை அரசாங்கம்தான் தாங்க வேண்டும் என்பது என் எண்ணம். தெருவிளக்கு எரிப்பதில் யாரும் லாபம் பார்ப்பதில்லையே. 1958 இல் கம்பனிக்காரரின் பஸ்களை எடுத்து இலங்கைப் போக்குவரத்துச் சபையை (இ.போ.ச.) அரசாங்கம் தொடங்கியதும் சனங்களுக்காகத்தானே. எட்டு மணிக்கு ஒன்று, ஒன்பதரைக்கு ஒன்று, அது போதும். ஆனால் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு வருடமாவது தவறாமல் ஓட வேண்டும். நிச்சயம் வரும் என்று தெரிந்தால்தான் சனம் நம்பி வந்து நிற்கும். 2022 இல் பெற்றோல் இல்லாமல் தவித்தபோது, வருடக்கணக்கில் பஸ் ஏறாதவர்களெல்லாம் ஏறினார்கள். நம்மோடு படித்த இரண்டு பேரை நான் திரும்பச் சந்தித்ததே அப்போது பஸ்ஸில்தான்.

இதையெல்லாம் ஒரு மனுவாக எழுதி, டவுனில் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். அங்கே இரவு பஸ்ஸில் யார் யார் ஏறுகிறார்கள், எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வருகிறது என்று பார்த்துக் கொஞ்சம் விவரமாக எழுது. மனுவில் சேர்க்க உதவும்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வருவாய்தானே? வான் பிடிக்காதே. நான் பஸ் ஸ்ராண்டில் நிற்பேன், 750 இல் வருவோம். பகலோடு வந்து சேர்.

அன்புடன்,
குமார்