பெருங்காயத்துக்குள் கோதுமை

ஆசிரியர் அவர்களுக்கு,

கோதுமை, பார்லி ஆகியவற்றிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் சிறுகுடலைச் சிதைக்கும் சீலியாக் நோயோடு ஆறு ஆண்டுகளாக வாழ்கிறேன். சோறும் இட்லியும் உண்ணும் ஊரில் இதென்ன சிரமம் என்று கேட்கிறார்கள்; பரோட்டாவை விடுவது எளிதுதான், சிக்கல் சாம்பாரில் இருக்கிறது. கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருப்பதை டப்பாவின் பின்புறப் பொடி எழுத்தில் படித்த பிறகே, மாதக்கணக்கில் தீராத என் வயிற்றுப்போக்கின் காரணம் புரிந்தது. இப்போது அரிசி மாவு சேர்த்த பெருங்காயத்தையே வாங்குகிறோம். ரவா தோசை வார்த்த கல்லிலேயே சாதா தோசையும் ஊற்றும் உணவகங்களில் வெறும் இட்லியோடு நிறுத்திக்கொள்கிறேன். 'குளூட்டன் இல்லாதது' என விற்கும் உணவில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்று விதியுண்டு; உணவகங்களோ, தாம் வாங்கும் பெருங்காயத்தில் என்ன மாவு இருக்கிறது என்பதை மட்டும் கேட்பவருக்குச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை