விலான் டேக் போட்டால் பெரிய பாக்கெட்டுகளைத் தொலைக்கும் அடாப்டர்: பணத்தைத் திருப்பித் தரவும்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மா,

உங்கள் கிகாபிட் யூஎஸ்பி ஈதர்நெட் அடாப்டரின் பெட்டியில் ‘802.1கியூ விலான் வசதி உண்டு’, ‘லினக்ஸில் இயங்கும்’ என்று இரண்டு வரிகள் இருக்கின்றன. அவற்றை நம்பித்தான் வாங்கினேன். முதல் வரி பொய். (விலான் என்பது ஒரே கேபிளில் பல தனித்தனி நெட்வொர்க்குகளை ஓட்டும் முறை, 802.1கியூ அதன் தரம். எந்தப் பாக்கெட் எந்த நெட்வொர்க்குக்கு என்று காட்ட ஒட்டும் அடையாளம்தான் டேக்.)

என் மேசைக் கணினியில் இருப்பது டெபியன் 12 லினக்ஸ். ஸ்விட்சில் பல விலான்களை ஒன்றாக அனுப்பும் ட்ரங்க் போர்ட்டிலிருந்து ஒரே கேபிளில் அலுவலக நெட்வொர்க் விலான் 20 ஆகவும், கேமராக்கள் விலான் 30 ஆகவும் வர வேண்டும். லினக்ஸின் நெட்வொர்க் அமைப்புக் கருவியான நெட்வொர்க்மேனேஜரில் இரண்டு விலான் இணைப்புகளை உருவாக்கினேன். அது பெரிய வேலையே இல்லை. டிஹெச்சிபியில் முகவரி தானாகக் கிடைத்தது, பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைப் பாக்கெட்) போனது. ஆனால் இணையப் பக்கங்கள் பாதியில் நின்றன. கோப்பை நகலெடுத்தால் அசையவே இல்லை.

சின்னது போய்ப் பெரியது போகவில்லை என்றால் அளவைத்தான் பார்க்க வேண்டும். பாக்கெட்டைத் துண்டாக்காமல் 1468 பைட் பிங் அனுப்பினேன், பதில் வந்தது. 1472 அனுப்பினால் இல்லை. தலைப்புகளோடு சேர்த்து அதுதான் சரியாக 1500. ஈதர்நெட் உறையோடு அது 1518 பைட் ஃப்ரேம், விலான் டேக் 4 பைட் என்பதால் 1522 ஆகிறது. ஈதர்நெட் தரம் இதை 1998லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. உங்கள் அடாப்டர் இன்னும் ஏற்கவில்லை. டேக் இல்லாமல் அதே 1472 போகிறது. அதே கேபிளை மதர்போர்டின் போர்ட்டில் செருகினால் டேக்கோடும் போகிறது. (அந்தப் போர்ட் வேறு இணைப்புக்கு வேண்டும், அதனால்தானே உங்களிடம் வாங்கினேன்!) ஆகவே லினக்ஸ் மீதோ ஸ்விட்ச் மீதோ பழி போட வேண்டாம்.

உங்கள் சேவை மையத்தில் முதலில் விண்டோஸ் போடச் சொன்னார்கள். அப்புறம் எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை) 1496 ஆக்கச் சொல்லிவிட்டு, ‘தீர்க்கப்பட்டது’ என்று புகாரை மூடிவிட்டார்கள். சரி, அப்படிச் செய்தால் இணையப் பக்கங்கள் திறக்கின்றன. ஆனால் கேமராக்கள் 1500இல்தான் இருக்கின்றன. அவை யூடிபியில் (தொலைந்ததைத் திரும்ப அனுப்பாத முறை) அனுப்பும் முழு அளவு பாக்கெட்டுகள் இப்போதும் தொலைகின்றன, படம் கட்டம் கட்டமாக உடைகிறது. செருப்புக்காகக் காலைத் தறிக்கச் சொல்வதற்குப் பெயர் தீர்வா?

மூடிய புகாரைத் திரும்பத் திறந்து, முழு விலையையும் 15 நாட்களுக்குள் திருப்பித் தாருங்கள். அதே மாடலில் மாற்று அடாப்டர் வேண்டாம். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். பில், பெட்டியின் படம், பிங் முடிவுகள் மூன்றையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்