ரேடியேட்டர் மூடியும் என் வலது கையும்

அன்புள்ள மக்களே,

கையில் என்ன காயம் என்று நீ கேட்டபோதெல்லாம் சாயா கொட்டிவிட்டது என்று சொன்னேன். வீடியோவில் கையைக் காட்டச் சொன்னாய். இடது கையைக் காட்டினேன். நர்ஸ் வேலை பார்க்கிற மகளிடம் அது எத்தனை நாள் செல்லும்? நேற்று உன் அம்மா போனில் பாதியை உளறிவிட்டாள் என்று தெரிந்தது. மீதிப் பாதியை அவள் வாயால் நீ கேட்பதைவிட நானே எழுதிவிடுவது நல்லது. அவள் சொன்னால் எனக்கு வயது எழுபது என்பதில் தொடங்கி, 2003-இல் இந்த வேனை வாங்கியதே தப்பு என்பதில்தான் முடிப்பாள்.

சாயா இல்லை. வேனின் ரேடியேட்டர் தண்ணீர்.

பெரியம்மா அனந்தபுரி ரயிலில் வந்தாள் அல்லவா, அன்றைக்குத்தான். குழித்துறை ஸ்டேஷனில் அவளை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, மீன் வாங்க வேண்டும் என்று மார்த்தாண்டம் சந்தைப் பக்கம் விடச் சொன்னாள். மேம்பாலத்தில் ஏறியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. கீழே போய் மாட்டிக்கொண்டேன். பஸ், ஆட்டோ, மீன் வண்டி, நடுவில் நம்முடைய ஆம்னி. கால் மணி நேரத்தில் நூறு அடிகூட நகரவில்லை. என் சீட்டுக்கு அடியில் சூடு ஏறியது. ஆம்னியில் இன்ஜின் இருப்பதே முன் சீட்டுக்குக் கீழேதானே, மீட்டர் முள்ளைப் பார்ப்பதற்கு முன்பே உடம்புக்குத் தெரிந்துவிடும். முள் சிவப்பைத் தொட்டது. முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பியது. பெரியம்மா, "வண்டி புகையுது, நான் இறங்குறேன்" என்று கதவை இழுத்தாள். அந்தக் கதவு எப்படித் திறக்கும் என்பது உனக்குத் தெரியும். பாதி வழியில் நின்றுவிட்டது. பாதிக் கதவு வழியாக அவள் இறங்கியதைப் பார்த்து ஒரு ஆட்டோக்காரர் சிரித்தார். நானும் சிரித்திருப்பேன், அந்த நேரத்தில் மனம் வரவில்லை.

ஓரங்கட்டி அணைத்தேன். அதுவரை சரி. அரை மணி நேரம் சும்மா நின்றிருக்க வேண்டும், அதுதான் செய்ய வேண்டிய ஒரே வேலை. நான் பத்து நிமிடம் நின்றேன். அப்புறம் துண்டை மடித்து ரேடியேட்டர் மூடியின் மேல் வைத்துத் திருகினேன்.

இதெல்லாம் எனக்குத் தெரியாததா? முப்பது வருடம் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவன். மூடி இறுக்கமாக இருக்கும்வரை உள்ளே அழுத்தம் இருக்கும், அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் கிடக்கும். மூடியைத் திறந்த கணமே அழுத்தம் போய்விடும், அவ்வளவு நேரம் அடங்கிக் கிடந்த தண்ணீர் ஒரே மூச்சில் ஆவியாகிப் பாயும். பிரஷர் குக்கரை உதாரணமாகக் காட்டிக் கரும்பலகையில் எத்தனை தடவை வரைந்திருப்பேன். சந்தையில் பெரியம்மா அவசரப்படுத்தும்போது அது ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. கால் திருகுதான் திருகினேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்தது. முகத்தை எப்படித் திருப்பினேன் என்று இன்றும் தெரியவில்லை.

மீன் விற்ற அக்கா ஒருத்தி வாளித் தண்ணீரோடு ஓடி வந்தாள். அது மீன் கழுவின தண்ணீர், வேண்டாம் என்றேன். எதிர்க்கடைக்காரர் குழாயைத் திறந்துவிட்டார். இருபது நிமிடம் அதன் கீழே கையை வைத்திருந்தேன். நீ எப்போதும் சொல்வது அதுதானே, அதை மட்டும் மறக்கவில்லை. அதற்குள் ஒருவர் பற்பசை பூசச் சொன்னார், ஒருவர் மை ஊற்றச் சொன்னார், தேனுக்குப் பேர்போன மார்த்தாண்டத்தில் நின்றுகொண்டிருந்ததால் தேன் தடவச் சொன்னவர்கள் நாலு பேர். ஒன்றையும் பூசாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டேன். இப்போது தோல் உரிந்து புதுத்தோல் வருகிறது. படம் அனுப்புகிறேன், இந்த முறை வலது கையே.

இனி நீ கேட்கப்போவதும் தெரியும். "அந்த வண்டியைக் கொடுத்துத் தொலையுங்கப்பா." பணம் அனுப்புகிறேன் என்றும் சொல்வாய். கொஞ்சம் பொறு, வண்டியின் கதையையும் கேள்.

இழுத்துக்கொண்டு போன பட்டறையில், இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் அடைக்கிற ஹெட் கேஸ்கட் போய்விட்டது, ஹெட்டை இறக்கிச் சீவ வேண்டும், இருபத்தெட்டாயிரம் ஆகும் என்றார்கள். வண்டிக்கே அவ்வளவு கிடைக்குமா என்று ஒருவன் என் காதில் விழும்படி சொன்னான். பேசாமல் வீட்டுக்கு இழுத்து வரச் சொல்லிவிட்டேன். மூடியைத் திறந்தது நான் செய்த தப்பு, அதற்காக இன்ஜினைத் திறக்கவும் நான் ஒத்துக்கொள்ள வேண்டுமா? ஹெட் கேஸ்கட் போயிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கும். ஆயில் மூடியைத் திறந்து பார்த்தேன், பால் சாயா நிறத்தில் ஒன்றும் இல்லை, கறுப்பாகத்தான் இருந்தது. புகைக்குழாயிலும் வெள்ளைப் புகை இல்லை. தண்ணீர் ஊற்றி ஸ்டார்ட் செய்து, மூடியைத் திறந்து வைத்தபடியே பார்த்தேன். (குளிர்ந்த வண்டிதான், பயப்படாதே.) உள்ளே குமிழி கிளம்பவில்லை.

அப்படியானால் வேறு ஏதோ. ராத்திரி கை எரிச்சலில் தூக்கம் வராமல் திண்ணையில் உட்கார்ந்து யோசித்தேன். அதற்கு முந்தின வாரம்தான் ஆரல்வாய்மொழி வரை போய் வந்திருந்தேன். திருவட்டாற்றிலிருந்து அழகியமண்டபம், தக்கலை, நாகர்கோவில் தாண்டிக் கணவாய் வரை. முள் பாதியைக்கூடத் தாண்டவில்லை. ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடியபோது சூடேறாத வண்டி, சந்தையில் நூறு அடி ஊர்ந்தபோது எப்படிக் கொதித்தது? ஆடி மாதக் காற்று, அதுவும் ஆரல்வாய்மொழிக் காற்று. காற்றாலையையே சுழற்றுகிற காற்று ரேடியேட்டரைக் குளிர வைக்காதா? ஓடும்போது எதிர்க்காற்று போதும், ஃபேனே வேண்டாம். நிற்கும்போதுதான் ஃபேன் வேலை செய்ய வேண்டும். ஃபேன் எத்தனை மாதமாகச் செத்துக் கிடந்ததோ, நான் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்ததால் தெரியவில்லை.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டேன். பாலிடெக்னிக்கில் படிக்கிறான், கை இரண்டும் நன்றாக இருப்பவன். நான் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அவன் செய்தான். முதலில் ஃபியூஸ், நல்லாத்தான் இருந்தது. அடுத்து பேட்டரியிலிருந்து இரண்டு ஒயரை நேராக ஃபேனுக்குக் கொடுத்தோம். அசையவில்லை. ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் மோட்டாரின் முதுகில் மெதுவாக ஒரு தட்டு தட்டச் சொன்னேன். விருட்டென்று அரைச் சுற்று சுற்றிவிட்டு நின்றது. அந்த அரைச் சுற்றைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை உன்னிடம் எப்படிச் சொல்வது? தட்டினால் சுற்றுகிற மோட்டாருக்கு, உள்ளே மின்சாரம் கடத்துகிற கார்பன் பிரஷ்தான் தேய்ந்திருக்கும். நம் வீட்டு மிக்ஸியில் உன் அம்மா தட்டித் தட்டித் தேங்காய் அரைத்த காலம் ஞாபகம் இருக்கிறதா, அதே நோய்.

மோட்டாரைக் கழற்றிப் பிரித்தோம். இரண்டு பிரஷும் சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தேய்ந்து, பின்னால் ஸ்பிரிங் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அவை உரசுகிற செம்பு வளையம் கரி பிடித்துக் கறுத்திருந்தது. அதை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, பட்டைகளுக்கு இடையில் அடைந்திருந்த கரித்தூளை ஊசி நுனியால் ஒவ்வொரு இடுக்காகக் கிளறி எடுத்தான். அவன் வயதில் எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. மோட்டார் காயில் சுற்றுகிற கடையில் கிடைத்த பிரஷ் கொஞ்சம் தடிமன். உப்புத்தாளைச் சிமெண்டுத் தரையில் விரித்து, அதன் மேல் வைத்துத் தேய்த்து, கூட்டுக்குள் தடையில்லாமல் ஏறி இறங்கும் அளவுக்குக் கொண்டுவந்தோம். அறுபது ரூபாய். இருபத்தெட்டாயிரம் எங்கே, அறுபது எங்கே!

அதோடு விட்டிருக்கலாம்தான். ஆனால் இவ்வளவு கழற்றிய பிறகு, சூடேறியதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடுகிற தெர்மோஸ்டாட்டைப் பார்க்காமல் மூட மனம் வரவில்லை. கழற்றினால் அதன் மேல் செம்மண் குழம்பு போல அடை. அது என் தப்பு. பத்து வருடமாகக் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றியிருக்கிறேன். உப்பும் மண்ணும் சேர்ந்து உள்ளே பொருக்காகப் படிந்துவிட்டது. அதன் மேல் 82 என்று அடித்திருந்தது, அந்தச் சூட்டில் திறக்கத் தொடங்க வேண்டும் என்று அர்த்தம். தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே திறந்துவிட வேண்டும். அதைப் பார்க்க ஒரே வழி, சுடுதண்ணீரில் போடுவது. உன் அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து அடுக்களையில் ஒரு பாத்திரத்தை எடுத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வைத்தேன். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, அது வாயை முழுசாகத் திறக்கவில்லை. நாங்கள் இருவரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். அம்மா தலையில் துண்டோடு வந்து நின்றாள். அவள் கேட்ட முதல் கேள்வி: "மரச்சீனி அவிக்கிற பாத்திரத்திலயா?"

அந்தச் சண்டையை எழுதினால் தாள் போதாது. புது தெர்மோஸ்டாட், ரேடியேட்டரின் மேல் ஹோஸ் ஒன்று, கிளிப் நாலு, வெறும் தண்ணீருக்குப் பதிலாக ரேடியேட்டரில் ஊற்றுகிற கூலன்ட் ஐந்து லிட்டர் வாங்கினேன். எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்குள். ஹோஸை அழுத்திப் பார்க்கும்போது உள்ளே முறுக்கு நொறுங்குவது போல ஒரு சத்தம் வந்தால் அதை மாற்றிவிட வேண்டும், வெளியே பளபளவென்று இருந்தாலும் சரி. பழைய தண்ணீரை வடித்துவிட்டு, நல்ல தண்ணீரால் மூன்று தடவை அலசினோம். வடித்ததையெல்லாம் பழைய கேனில் பிடித்து மூடி வைத்தேன். அதில் பழைய கூலன்ட் மிச்சம் இருந்தால்? அது இனிப்பாக இருக்குமாம், நாய் குடித்தால் உயிருக்கே ஆபத்து. நம்ம கறுப்பன்தான் எதையும் விடமாட்டானே.

நிரப்புவதில்தான் ஒரு நுணுக்கம். ரேடியேட்டர் முன்னால், இன்ஜின் சீட்டுக்கு அடியில், நடுவில் நீளமான குழாய். வழியில் காற்று மாட்டிக்கொண்டால் தண்ணீர் சுற்றாது, மறுபடி கொதிக்கும். அதனால் வண்டியை நம் வீட்டுச் சரிவில் மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்தி, பின்சக்கரத்துக்கு அயினிக் கட்டையை அண்டக்கொடுத்து, மூடியைத் திறந்து வைத்து ஓடவிட்டேன். பையன் ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டான். குளுக் குளுக்கென்று காற்று வெளியேற வெளியேறத் தண்ணீர் இறங்கியது, இறங்க இறங்க ஊற்றினேன். குமிழி நின்றதும் மூடினோம். மூடிவிட்டு இருவரும் ஒன்றும் பேசாமல் காத்திருந்தோம். சாரல் வேறு பிடித்துவிட்டது. முள் பாதியைத் தாண்டியது. எனக்குக் கை மறுபடியும் எரிந்தது. அப்போது முன்னால் "ட்ர்ர்ர்" என்று ஃபேன் ஓடத் தொடங்கியது. இரண்டு நிமிடத்தில் முள் இறங்கி, ஃபேன் தானாக நின்றது. பையன் குதித்தான். நான் ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

வண்டி இப்போது இரண்டு லட்சத்து எண்பத்தேழாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. 2018-இல் பதினைந்து வருடம் முடிந்து எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எடுத்தோம், 2023-இல் மறுபடி எடுத்தோம். அடுத்தது 2028. அதுவரை ஓட்டுவேன். அப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் என்ன சொல்கிறார்களோ, பார்க்கலாம். படிக்கட்டுத் தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்திருப்பது உண்மை. ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் ஏற்றி ஏற்றி அந்த நாற்றம் போகவே போகாது என்பதும் உண்மை. பள்ளிக்கூட வாசலில் உன்னை இறக்கிவிடும்போது அந்த நாற்றத்துக்காக நீ முந்தின தெருவிலேயே இறங்கிக்கொள்வாயே, அது எனக்கு அப்போதே தெரியும். கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நீ அனுப்புகிறேன் என்ற பணம் வேண்டாம், மக்களே. புது வண்டியில் ஏதாவது சத்தம் வந்தால் எனக்கு என்னவென்று தெரியாது, இதில் வந்தால் தெரியும். அதற்கு மேல் காரணம் சொல்ல எனக்கு இல்லை. ஆனால் சூட்டோடு மூடியை இனித் திறக்கமாட்டேன். அரை மணி நேரம், மேல் ஹோஸைத் தொட்டால் கை பொறுக்கிற சூடு வரும்வரை. பெரியம்மா என்ன அவசரப்படுத்தினாலும் சரி. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் அதை ஒரு சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன், உன் அம்மா ஒட்ட வைத்தாள்.

உன் காரிலும் ஒரு தடவை கூலன்ட் அளவைப் பார். காலையில், வண்டி எடுப்பதற்கு முன்னால். அங்கே ஐஸ் விழுகிற ஊர், வெறும் தண்ணீர் ஊற்றியிருந்தால் உறைந்து இன்ஜின் பிளாக்கையே பிளந்துவிடும்.

மட்டிப்பழம் குலை தள்ளியிருக்கிறது. நீ வருகிற மாதத்துக்குப் பழுக்குமா என்று அம்மா தினமும் போய்ப் பார்க்கிறாள். அந்தப் பாத்திரத்தை அடுக்களைக்குள் அவள் திரும்பச் சேர்க்கவில்லை. நான் அதில் வண்டியின் சாமான்களைப் போட்டு வைத்திருக்கிறேன். எல்லாம் மாட்டி முடித்த பிறகு அதன் அடியில் ஒரு பத்தாம் நம்பர் போல்ட் மீதி கிடக்கிறது. எங்கிருந்து வந்தது என்று எனக்கும் தெரியவில்லை, பையனுக்கும் தெரியவில்லை. அம்மாவிடம் சொல்லாதே.

உன்
அப்பா