லிஸ்பன் நகராட்சிக்கு, ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவன் எழுதும் மடல்

லிஸ்பன் நகராட்சியாருக்கு,

வணக்கம். உங்கள் ஊரில் ஐந்து இரவு தங்கிப்போன சுற்றுலாக்காரன் நான். இரவுக்கு 4 யூரோ வீதம் 20 யூரோ சுற்றுலா வரி கட்டினேன். அதிகம் என்று சண்டைபோட வரவில்லை. அந்தப் பணத்துக்கு ஒரு செலவு சொல்லத்தான் எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு பழைய உறவைச் சொல்லிவிடுகிறேன். ஜன்னல், சாவி, மேசை, அலமாரி என்று எங்கள் வீட்டுக்குள் புழங்கும் பல சொற்கள் உங்கள் ஆட்களான போர்ச்சுகீசியர் கப்பலில் கொண்டுவந்தவை. தமிழில் அச்சான முதல் புத்தகமும் எங்கள் ஊரில் அச்சாகவில்லை. 1554-இல் உங்கள் லிஸ்பனில்தான், ரோமன் எழுத்தில் அச்சானது. அதனால் உங்கள் பழைய பேட்டையான அல்ஃபாமாவில் ஒருவர் மாடியைக் காட்டி ‘ஜனேலா’ என்றபோது எனக்கு அகராதி தேவைப்படவில்லை.

பெலேம் கோபுரம், ஜெரோனிமோஸ் மடம், வாஸ்கோ ட காமாவின் கல்லறை எல்லாம் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கின்றன, அவற்றுக்கு வரிசையும் குறைவில்லை. 1755 நவம்பர் 1-ஆம் தேதி நிலநடுக்கமும் கடல் பொங்கலும் தீயும் சேர்ந்து தின்ற நடு ஊர்த் தாழ்நிலப் பேட்டையான பைஷாவை, அன்றைய அமைச்சர் பொம்பால் பிரபுவின் ஆட்கள் நேர்கோட்டுத் தெருக்களாக மறுபடி கட்டிய கதையும் பிடித்தது. அடுத்த நடுக்கத்தைத் தாங்கட்டும் என்று சுவருக்குள் மரக்கூண்டு வைத்துக் கட்டியிருக்கிறார்கள். தெருக்களுக்குத் தங்கம், வெள்ளி, செருப்புத் தைப்பவர், சேணம் தைப்பவர் என்று தொழிற்பெயர்கள். செருப்புத் தைப்பவர் தெருவில் நான் வாங்கியது ஐஸ்கிரீம்.

என் மனசு நின்றது அல்ஃபாமாவில்தான். பாறைமேல் இருந்ததால் அந்தப் பேட்டை நடுக்கத்துக்குப் பெரும்பாலும் தப்பியது. அரபுக்காரர் வைத்த பெயர், அவர்கள் காலத்துச் சந்துகள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் வாசற்படியில் ஏறி நிற்க வேண்டும். மேலே கொடியில் துணி காய்கிறது. ஜன்னலில் முழங்கை ஊன்றி ஒரு அம்மா கீழே நிற்பவரோடு பேசுகிறார், எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து இன்னொருவர் பதில் சொல்கிறார்.

ஆனால் ஒரு சந்தில் நின்று எண்ணிப் பார்த்தேன். பதினோரு கதவுகளில் ஆறில் எண்களைத் திருகித் திறக்கும் சின்னச் சாவிப் பெட்டி தொங்கியது. என்னைப் போன்ற சுற்றுலாக்காரருக்கு நாள் வாடகைக்கு விடும் வீடு என்று அதற்குப் பொருள். அந்த வீடுகளின் ஜன்னல்கள் சாத்தியிருந்தன, கொடியில் துணி இல்லை. அந்தத் தெருவில் பழுது என்று எனக்குப் பட்டது அது ஒன்றுதான். அதற்கு யாரைக் கைகாட்ட? ஆறில் ஒரு பெட்டியில் என் சாவி இருந்தது.

28-ஆம் எண் டிராமிலும் இதே கதைதான். மார்தீம் மோனிஷில் ஏறி, கிராசா மேட்டையும் அல்ஃபாமாவின் வளைவுகளையும் தாண்டி நகரத்தின் மறுகோடிவரை போகும் மஞ்சள் வண்டி. ஊர்க்காரர்கள் மருந்து வாங்கவும் சந்தைக்குப் போகவும் ஏறிய வண்டி. நாங்கள் உள்ளே நெருக்கியடித்து, கைப்பேசியை ஜன்னலுக்கு வெளியே நீட்டியபடி வந்தோம். ஒரு நிறுத்தத்தில் காய்கறிப் பையோடு நின்ற ஒரு பாட்டி வண்டியை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு பையைக் கை மாற்றிக்கொண்டு மேட்டில் நடக்கத் தொடங்கினார். அடுத்த வளைவில் டிராம் மெதுவானபோது அவரையே முந்திப் போனோம். நான் படம் எடுப்பதை அப்போதுதான் நிறுத்தினேன்.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். அந்த டிராமை ஓட்டுவது உங்களுக்கே சொந்தமான நிறுவனம். காலையில் சில வண்டிகளை மாதச் சீட்டு வைத்திருக்கும் உள்ளூர்க்காரருக்கு மட்டும் விடுங்கள். எங்களுக்கு அவசரம் ஒன்றுமில்லை, பத்து மணிக்கு மேல் சுற்றிக்கொள்கிறோம். அப்புறம், எங்கள் வரிப்பணத்தில் ஒரு பங்கை அந்தப் பேட்டைகளில் உங்களுக்குச் சொந்தமான பழைய வீடுகளைச் செப்பனிட ஒதுக்கி, அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கட்டுபடியாகும் வாடகைக்குக் கொடுங்கள். அல்ஃபாமாவுக்கு மட்டுமல்ல, உங்கள் ஊரின் ஏக்கப் பாட்டான ஃபாதோ வளர்ந்த மோராரியா பேட்டைக்கும் சேர்த்துத்தான்.

ஜூன் 12 இரவு, புனித அந்தோனியார் விழாவில், பேட்டை பேட்டையாக அணிவகுத்து ஆடுகிறார்கள். வாசலில் மத்தி மீன் சுடுகிறார்கள். துளசிக்குச் சொந்தக்காரச் செடி ஒன்றைச் சின்னத் தொட்டியில் வைத்து, நாலு வரிப் பாட்டு எழுதிய காகிதத்தையும் செருகி விற்கிறார்கள். சாவிப் பெட்டி ஆடாது, மீன் சுடாது. அதற்கு ஆள் வேண்டும்.

ஒரு ஜூனில் அதைப் பார்க்க வருவதாக இருக்கிறேன். அந்தத் தடவை பைஷாவில் ஏதாவது ஒரு ஹோட்டலில் தங்கிக்கொள்கிறேன். மேட்டுக்கு நடந்தே ஏறுகிறேன்.

இப்படிக்கு,
28-இல் ஜன்னலோர இருக்கையில் வந்தவன்